100 வாட் குண்டு பல்பு: கணக்கில் 535 ஓம், மீட்டரில் 40 ஓம்

100 வாட் குண்டு பல்பின் மின்தடை கணக்கில் 535 ஓம் வருகிறது, மீட்டரில் அளந்தால் 40 ஓம்தான் காட்டுகிறது, எது தவறு என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கணக்கும் சரி, மீட்டரும் சரி. 230 வோல்ட்டை, எரியும்போது பாயும் 0.43 ஆம்பியரால் வகுத்தால் 535 ஓம்; இரண்டையும் பெருக்கினால் 99 வாட். ஆனால் அது எரிகிற பல்பின் மின்தடை. மீட்டர் காட்டிய 40 ஓம், அணைந்து ஆறிய பல்புக்கு.

காரணம் டங்ஸ்டன் இழை. எரியும்போது 2500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறுவதால் தடை பத்துப் பதினைந்து மடங்கு கூடிவிடும். சுவிட்ச் போட்ட கணத்தில் 5 ஆம்பியருக்கு மேல் பாயலாம். பழைய பல்பு பெரும்பாலும் போட்டவுடனே 'டப்'பென்று போவது அதனால்தான்.

சந்தேகம் இருந்தால் 1000 வாட் அயர்ன் பாக்ஸை அளந்து பாருங்கள்:

1. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குமிழை நடுவில் வையுங்கள். 'ஆஃப்'பில் இருந்தால் மீட்டர் ஒன்றும் காட்டாது. (நான் ஒருமுறை காயில் போய்விட்டது என்றே முடிவுகட்டிவிட்டேன்!)
2. பிளக்கின் இரண்டு சிறிய பின்களுக்கு நடுவே அளந்து பாருங்கள். கணக்குப்படி 53 ஓம். காயில் நைக்ரோம் (சூடேறினாலும் தடை அதிகம் மாறாத உலோகக் கலவை) என்பதால் ஆறியிருந்தாலும் ஏறக்குறைய அதுவே வரும்.

மின்சாரம் உள்ள இடத்தில் ஓம் அளக்கவே கூடாது. ஃபேன், மோட்டாருக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே வாட் கணக்கிட, பவர் ஃபேக்டரையும் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையில் செலவாகும் பங்கு) சேர்த்துப் பெருக்க வேண்டும்.