சொகுசுக் கப்பல்கள் துறைமுகத்தில் ராத்திரி தங்க வேண்டுமா, சாயங்காலமே கிளம்பிவிடுவது நல்லதா?

தங்க வேண்டும். எல்லாத் துறைமுகத்திலும் அல்ல. ஊர் பெரியதாக இருந்தால், அல்லது துறைமுகத்திலிருந்து தள்ளி இருந்தால், ஒரு ராத்திரியாவது கட்டாயம் நிற்க வேண்டும். நான் இப்படிப்பட்ட கப்பல்களில் சில வருடம் கேபின் ஸ்டூவர்டாக வேலை பார்த்தவன். அறை சுத்தம் செய்வது, படுக்கை விரிப்பது, துண்டு மாற்றுவது என் வேலை. இந்தக் கேள்விக்கு வந்திருக்கும் மற்ற பதில்களில் பயணிகளைப் பற்றி இருக்கிறது, ஊர்க்காரர்களைப் பற்றி இருக்கிறது, கம்பெனி லாபம் பற்றி இருக்கிறது. கப்பலில் வேலை செய்பவனைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில், கேள்வி கேட்ட உங்கள் விஷயம். குடும்பத்தோடு முதல் தடவை போவதற்காக அட்டவணை பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரே ஊரில் இரண்டு நாள் என்று போட்டிருப்பதைப் பார்த்து, அந்தக் காசுக்கு இன்னொரு ஊர் பார்த்திருக்கலாமே என்று தோன்றியிருக்கும். பாங்காக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கப்பல்கள் நகரத்துக்குள் வர முடியாது, லாம் சபாங் துறைமுகத்தில்தான் கட்டுவார்கள். அங்கிருந்து பேருந்தில் சுமார் 2 மணி நேரம், நெரிசல் இருந்தால் இன்னும் கூடும். காலை 8 மணிக்கு வந்து சாயங்காலம் 6 மணிக்குக் கிளம்பும் கப்பல் என்றால், கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். போக வர நேரத்தைக் கழித்தால் ஊரில் மிஞ்சுவது நாலு ஐந்து மணி நேரம். அரண்மனை வாசலில் வரிசையில் நிற்கவே அது சரியாகப் போய்விடும். வியட்நாமில் ஹோ சி மின் நகரமும் இப்படித்தான். கப்பல் நிற்பது ஃபூ மியில், ஊர் இருப்பது வேறெங்கோ. இந்த ஊர்களுக்கு ஒரு பகல் மட்டும் நிற்கும் கப்பலில் போனால் நீங்கள் பார்க்கப்போவது நெடுஞ்சாலையைத்தான்.

பிறகு ஏன் பல கப்பல்கள் சாயங்காலமே கிளம்புகின்றன? துறைமுகத்தில் கப்பலைக் கட்டி நிறுத்துவதற்கான வாடகை ஒரு காரணம். அடுத்த ஊருக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது இன்னொன்று. அப்புறம் சூதாட்டக்கூடமும் வரியில்லாக் கடைகளும். பெரும்பாலான துறைமுகங்களில் கப்பல் நிற்கும்போது இவற்றைத் திறக்க முடியாது, கடலுக்குள் போன பிறகுதான் திறப்பார்கள். கப்பல் ராத்திரி நின்றால் அந்த வருமானம் போய்விடும். அட்லாண்டிக் கடலில் இருக்கும் பெர்முடா தீவு இதைப் புரிந்துகொண்டு, துறைமுகத்தில் தங்கும் கப்பல்கள் ராத்திரி நேரத்தில் சூதாட்டக்கூடம் நடத்திக்கொள்ளலாம் என்று 2013-இல் சட்டமே போட்டது. கப்பல் தங்கினால் பயணிகள் ஊருக்குள் வந்து சாப்பிடுவார்கள், கடைக்காரனுக்கும் டாக்சிக்காரனுக்கும் நாலு காசு கிடைக்கும் என்ற கணக்கு. சூதாட்டத்துக்கு நான் ஆதரவு இல்லை. ஆனாலும் கப்பலை நிறுத்திவைக்க ஒரு ஊர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பாருங்கள்.

இனி நான் சொல்ல வந்தது. கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது வேலையாட்கள் எல்லோரும் இறங்கிவிட முடியாது. தீயோ வேறு ஏதாவது ஆபத்தோ வந்தால் சமாளிப்பதற்குக் குறிப்பிட்ட ஆட்கள் கப்பலிலேயே இருந்தாக வேண்டும். அதை நாங்கள் ஐ.பி.எம். (இன் போர்ட் மேனிங்) என்போம். ஒரு ஊரில் உங்கள் பெயர் ஐ.பி.எம். பட்டியலில் இருந்தால் அன்றைக்கு இறங்க முடியாது. பட்டியலில் இல்லாவிட்டாலும் காலையில் அறைகளை முடிக்க வேண்டும். பயணிகள் கரைக்குப் போன நேரம் பார்த்துத்தான் பாதுகாப்புப் பயிற்சியும் வைப்பார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு இறங்கினால் மூன்றரைக்குள் திரும்ப வேண்டும், ஏனென்றால் சாயங்காலம் மறுபடியும் எல்லா அறைக்கும் போய்ப் படுக்கை சரிசெய்யும் வேலை இருக்கிறது. நாங்கள் பார்த்த ஊர் என்பது பெரும்பாலும் துறைமுக வாசலில் இலவச வைஃபை கிடைக்கும் கடை. கப்பல் ராத்திரி தங்கினால் இது அப்படியே மாறும். முதல் நாள் பட்டியலில் இருந்தவன் மறுநாள் போகலாம். மற்றவர்கள் ராத்திரி வேலை முடித்துவிட்டு, கப்பல் கிளம்பிவிடும் என்ற பயம் இல்லாமல் போகலாம்.

சர்வதேசச் சட்டப்படி, 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, ஒரு வாரத்தில் 77 மணி நேரம் எங்களுக்குத் தர வேண்டும். அந்தப் பத்து மணி நேரத்தை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம், அதில் ஒரு பகுதி 6 மணி நேரமாவது இருந்தால் போதும். காகிதத்தில் சரியாகத்தான் இருக்கும். துண்டு துண்டாகக் கிடைக்கிற ஓய்வில் தூங்கலாம், கரையில் ஒரு மனிதரைப் போய்ப் பார்க்க முடியாது.

எனக்கு ஒரு தம்பி. சிங்கப்பூரில் கட்டுமான வேலை, ஜூரோங் பக்கம் விடுதியில் இருந்தான். அவன் லீவில் தூத்துக்குடி வரும்போது நான் கடலில் இருப்பேன், நான் ஊருக்கு வரும்போது அவன் அங்கே. சில வருடமாக முகம் பார்க்கவில்லை. என் கப்பல் சிங்கப்பூருக்கு வராமல் இல்லை. ஆனால் வரும் நாளெல்லாம் பயணிகள் மாறும் நாள். பழையவர்கள் இறங்கி, அதே நாளில் புதியவர்கள் ஏறுவார்கள். ஒவ்வொரு அறையையும் அடியோடு சுத்தம் செய்து மத்தியானத்துக்குள் தயாராக வைக்க வேண்டும். அன்றைக்கு வெளியே போகிற பேச்சே கிடையாது. எனக்கு ஒரு மணி நேரம் கிடைத்தாலும் அவன் வேலையில் இருப்பான். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் விடுமுறை. அங்கே மரினா பே கப்பல் முனையத்தில் நின்றுகொண்டு ஒரே ஊரில் இருக்கும் தம்பியிடம் போனில் பேசியிருக்கிறேன்.

2016-இல் ஒரு பயணத்தில் அதே முனையத்தில் கப்பல் ராத்திரி தங்கியது. ஒன்பது மணி வாக்கில் வேலை முடிந்ததும் குளித்துவிட்டு இறங்கினேன். மரினா சவுத் பியரில் ரயில் ஏறி, தோபி காட்டில் மாறினால் அடுத்த நிறுத்தம் லிட்டில் இந்தியா. தம்பி வேலை முடிந்து, சாப்பிடாமல் எனக்காக அங்கே தேக்கா சந்தைப் பக்கம் காத்திருந்தான். அம்மாவின் முழங்கால் வலி, தங்கச்சிக்கு வந்த வரன், வீட்டுக் கடன் எல்லாம் பேசினோம். பரோட்டாவைப் பிய்க்கும்போதுதான் கவனித்தேன், அவனுடைய வலது கையில் ஒரு விரல் நுனி இல்லை. "எப்படிடா?" என்றேன். "போன வருஷம்ணே, மெஷின்ல மாட்டிருச்சு. அம்மாகிட்ட சொல்லிராதீங்க" என்றான். வாரா வாரம் போனில் பேசியவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போது அங்கே முஸ்தஃபா என்ற பெரிய கடை 24 மணி நேரமும் திறந்திருக்கும். அம்மாவுக்குத் தைலம், தங்கச்சிக்கு வாசனைத் திரவியம் வாங்கிக்கொண்டு இரண்டு மணி வரை அந்தத் தெருக்களிலேயே நடந்தோம். டாக்சியில் அவன்தான் என்னை முனையத்தில் கொண்டுவந்து விட்டான், காசு கொடுக்க விடவில்லை. கரையில் வேலை செய்பவனுக்கு ஓய்வு ராத்திரிதான், கப்பலில் இருப்பவனுக்கும் ராத்திரிதான். கப்பல் அந்த நேரத்தில் கடலில் இருந்தால் இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளவே வழியில்லை.

சுற்றுச்சூழல் பற்றிக் கேட்க வருபவர்களுக்கு: நியாயமான கேள்வி. நிற்கும் கப்பலுக்கும் விளக்கு, ஏசி, சமையலறை எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும், அதற்கு ஜெனரேட்டர் ஓடும், அந்தப் புகை ஊருக்குத்தான் போகும். ஆனால் கப்பலைக் கரை மின்சாரத்தில் இணைக்கும் வசதி அலாஸ்காவின் ஜூனோவில் 2001-லேயே வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் தன் முக்கியத் துறைமுகங்களில் 2030 முதல் பயணிகள் கப்பல்களுக்கு இதைக் கட்டாயமாக்குகிறது. ஆகவே வசதி செய்யுங்கள் என்று கேட்போம், கப்பலை விரட்ட வேண்டாம். குரோஷியாவின் டுப்ரோவ்னிக் மாதிரிச் சின்ன ஊர்கள் கூட்டத்துக்குக் கட்டுப்பாடு வைப்பதையும் நான் குறை சொல்லவில்லை. அங்கே எல்லோரும் ஒரே பகலில் கோட்டைச் சுவருக்குள் இருக்கும் பழைய ஊருக்குள் நுழைவதுதான் பிரச்சினை. கப்பல் தங்கினால் கொஞ்சம் பேர் சாயங்காலத்துக்குப் பிரிவார்கள் என்பது என் எண்ணம். எஞ்சின் பிரிவில் இருந்தவர்கள் வேறு மாதிரி சொல்லலாம், அவர்கள் வேலை எனக்குத் தெரியாது. எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி என்றும் சொல்லவில்லை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். "கப்பல் வேலையா, ஓசியில் உலகம் சுத்துறியே" என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. அந்த வேலைக்காக எங்கள் பக்கத்து ஏஜெண்ட் ஒருவர் என்னிடம் ஒன்றரை லட்சம் வாங்கினார். அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. வேலை வாங்கித் தருவதற்கு மாலுமியிடம் பணம் வாங்கவே கூடாது என்பது 2006-ஆம் வருடக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தில் இருக்கிறது. பாஸ்போர்ட், சி.டி.சி. (மாலுமியின் அடையாளப் பணிப் புத்தகம்), மருத்துவச் சான்றிதழ் செலவு மட்டும்தான் நம்முடையது. தம்பிமார் யாராவது இதைப் படித்தால், கப்பலுக்கு ஆள் எடுக்க அரசு தரும் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் உள்ள நிறுவனமா என்று கப்பல்துறை இயக்குநரகத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். "சர்வீஸ் சார்ஜ்" என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, உங்களுக்கு. பாங்காக், ஹோ சி மின் மாதிரி ஊர்களுக்கு ராத்திரி தங்கும் கப்பலையே எடுங்கள். படகுத்துறையிலிருந்து நடந்து போகிற சின்னத் தீவு என்றால் ஒரு பகல் போதும், தங்கவில்லை என்று கவலைப்பட வேண்டாம். தங்கும் நாளில் மத்தியான வெயிலில் அலையாமல் முதல் நாள் சாயங்காலம் வெளியே போய் ராத்திரிச் சந்தை பாருங்கள், கோவில் குளத்தை மறுநாள் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் காலையிலேயே உங்கள் அறை ஸ்டூவர்டிடம், ராத்திரி படுக்கை விரிக்க வர வேண்டாம், துண்டு மட்டும் இப்போதே வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். அந்தத் தளத்தில் நாலைந்து குடும்பம் அப்படிச் சொன்னாலே அவர் ஒரு மணி நேரம் முன்னதாகக் கரையில் இறங்கிவிடுவார்.