விடுபட்ட ஆய்வுப் பதிவை இப்போது எழுதி முடிக்கலாமா?

கேள்வி: நான் கட்டட ஒப்பந்ததாரர். வெளிப்பூச்சுக்காகக் கட்டியிருந்த சாரத்தில் கடந்த வியாழனன்று பலகை நழுவியதால் பெயிண்டர் ஒருவர் கீழே விழுந்து, அவருடைய இடுப்பெலும்பு முறிந்தது. சாரம் கட்டியவர் துணை ஒப்பந்ததாரர். சுவரோடு சாரத்தைப் பிணைத்திருந்த இரண்டு கட்டுகளைப் பூச்சு வேலைக்காரர்கள் திங்களன்றே என்னிடம் சொல்லாமல் கழற்றியிருக்கிறார்கள். பாதுகாப்பு பெல்ட் கொடுத்தும் பெயிண்டர் மாட்டவில்லை. பத்து ஆண்டுகள் என்னிடம் வேலை பார்த்தவர், இன்று நன்றி மறந்து இழப்பீடு கேட்கிறார். சாரத்தின் ஆய்வுப் பதிவேட்டில் மூன்று வாரங்கள் எழுதாமல் விடுபட்டுள்ளன. அதை எழுதி முடித்துவிடுவதாக மேற்பார்வையாளர் சொல்கிறார். வழக்கை நடத்தலாமா?

பதில்: நன்றி, துரோகம், பத்து ஆண்டுப் பழக்கம் ஆகியவற்றுக்கு வழக்கில் இடமில்லை. திங்களன்று கட்டுகள் கழற்றப்பட்ட பிறகு, வியாழனன்று ஆள் ஏறுவதற்கு முன், அந்தச் சாரத்தை யார் ஆய்வு செய்தார் என்பது ஒன்றே கேள்வி. யாரும் செய்யவில்லை என்று உங்கள் கடிதமே சொல்கிறது. பூச்சு வேலைக்காரர்கள்மீது எவ்வளவு அழுத்தமாகப் பழி சுமத்துகிறீர்களோ, அவ்வளவு அழுத்தமாக, கட்டில்லாத சாரத்தில் மூன்று நாட்கள் ஆட்களை ஏற்றியதை நீங்களே நிரூபிக்கிறீர்கள்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1988ஆம் ஆண்டு 167ஆம் எண் உடன்படிக்கை, சாரத்தைத் தகுதியுள்ளவர் ஆய்வு செய்து அதன் முடிவைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. பிரிட்டனின் 2005ஆம் ஆண்டு விதிகள் 7 நாள் இடைவெளியையும், அமெரிக்க விதிகள் ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன் ஆய்வையும் கேட்கின்றன. உங்கள் இடத்தில் இடைவெளி எதுவாக இருந்தாலும், சாரத்தை மாற்றிய பின் மீண்டும் பார்க்காமல் ஆளை ஏற்றியதற்குச் சமாதானம் சொல்வது கடினம். பெல்ட் வாதம் தொகையைச் சற்றுக் குறைக்கலாம். அதுவும், கொக்கியை எங்கே மாட்டச் சொன்னீர்கள் என்ற கேள்விக்குப் பதில் இருந்தால்தான்.

உண்மையான ஆபத்து உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளில் இருக்கிறது. விபத்துக்குப் பிறகு பதிவேட்டை நிரப்பிய வழக்குக் கட்சிக்காரர்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன். ஒருவருடைய பதிவேட்டில் 21 நாட்களுக்கும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதியிருந்தது. அவற்றில் ஒரு நாள் பணியிடமே விடுமுறை. இன்னொருவர் புதிதாக வாங்கி நிரப்பிய நோட்டின் பின்னட்டையில் அச்சிட்டிருந்த மாதம், அதன் முதல் பதிவுக்குப் பிந்தையது. குறுக்கு விசாரணையில், ‘அன்று எந்த மூலையிலிருந்து பார்க்கத் தொடங்கினீர்கள், எந்தக் கிளாம்பை முறுக்கினீர்கள்?’ என்ற இரண்டு கேள்விகளுக்குள் அவருடைய மேற்பார்வையாளர் உண்மையைச் சொல்லிவிட்டார். அதுவரை கவனக்குறைவுக்கான இழப்பீட்டு வழக்காக இருந்தது, அதன்பின் பொய் ஆவணம் உருவாக்கிய குற்ற வழக்காக மாறியது. பொய்யான பதிவைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனமும் கையை விரித்துவிட்டது. எழுதாத பக்கம் கவனக்குறைவைத்தான் காட்டும். பிறகு எழுதிய பக்கம் உள்நோக்கத்தைக் காட்டும்.

ஆகவே வழக்கை நடத்த வேண்டாம், சமரசம் பேசுங்கள். அதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமான சம்மதம் பெறுங்கள். சம்மதமின்றிப் பொறுப்பை ஒப்புக்கொண்டால் பணம் தர மறுக்கும் நிபந்தனை பெரும்பாலான காப்பீட்டு ஒப்பந்தங்களில் உண்டு. காயத்தின் நிரந்தர ஊனம் எவ்வளவு என்று மருத்துவர் சான்றளித்த பிறகே தொகையை முடிவு செய்யுங்கள். முன்பே முடித்தால் தகராறு மீண்டும் கிளம்பும். மருத்துவமனைக் கட்டிலருகே நின்று பணத்தைக் கொடுத்து, ‘என் கவனக்குறைவால் விழுந்தேன்’ என்று வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்காதீர்கள். அதை நீதிபதிகள் எப்படிப் பார்ப்பார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. உரிய அதிகாரி அல்லது நீதிமன்றத்தின் முன் பதிவாகும் உடன்பாடுதான் நிற்கும். அப்போதும் குற்ற நடவடிக்கை தனியாகத் தொடரலாம் என்பதை மனதில் வையுங்கள். துணை ஒப்பந்ததாரரிடம் பங்கு கேட்பது பிற்பாடு, உங்கள் இருவருக்குமான ஒப்பந்தத்தைப் பொறுத்த தனிக் கணக்கு.

சாரம் இன்னும் நின்றால், அதிகாரிகள் பார்த்துப் படமெடுக்கும்வரை ஒரு குழாயைக்கூடக் கழற்றாமல், யாரும் ஏறாதபடி வழியை அடைத்து வையுங்கள். பதிவேட்டை, விடுபட்ட மூன்று வாரங்களும் வெறுமையாகவே இருக்க, இன்றே உங்கள் வழக்கறிஞரிடம் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.