ஈசி மோட் கேட்பது தப்பா?

கேள்வி: என் தம்பிக்குக் கை நடுக்கம் உண்டு, கேம் என்றால் உயிர். செகிரோ மாதிரி கஷ்டமான கேம்களில் ஈசி மோட், அதாவது ஆட்டத்தை எளிதாக்கிக்கொள்ளும் வசதி, வேண்டும் என்று சொன்னாலே, ‘கஷ்டம்தான் அந்தக் கேமே, மாற்றச் சொல்ல நீ யார்’ என்று அவனுடைய நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். யார் சொல்வது சரி?
– வாசகி, ஈரோடு

பதில்: நண்பர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. 2019-இல் வந்த செகிரோவில் எதிரியின் வாள் நம் மேல் விழும் அந்தக் கணத்தில் தடுத்தாக வேண்டும், தோற்றுத் தோற்று அந்தத் தாளம் கைக்குப் பழகும்போது வருகிற நிறைவுக்காகத்தான் அது அப்படி உருவாக்கப்பட்டது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் நடுங்காத கைக்குக் கஷ்டமாக இருப்பது உங்கள் தம்பியின் கைக்கு நடக்கவே நடக்காத காரியம். அந்த நிறைவு அவரிடம் போய்ச் சேரவே இல்லையே, அப்புறம் படைப்பாளியின் நோக்கம் எங்கே காப்பாற்றப்பட்டது?

2018-இல் வந்த செலஸ்ட்டைப் பாருங்கள். மனப் பதற்றத்தோடு போராடும் மேடலின் என்ற பெண் மலை ஏறுகிற கதை, ரொம்பவே கடினமான கேம். அதில் அசிஸ்ட் மோட் இருக்கிறது: வேகத்தைப் பாதிவரை குறைக்கலாம், களைக்காமல் பாறையைப் பிடித்துத் தொங்கலாம், சாகாமலும் போகலாம். முதலில் அங்கே ‘முதல் தடவை இது இல்லாமல் ஆடுங்கள்’ என்றொரு குறிப்பு இருந்தது, தேவைப்பட்டவர்களை அது குத்தியது, பிறகு வாசகத்தை மாற்றினார்கள். கேமை உருவாக்கியவர்களே எதைத் தளர்த்தலாம் என்று முடிவு செய்து கொடுத்ததால் கதை எங்கும் உடையவில்லை.

ஹேடீஸ் என்ற கேம் இன்னும் அழகு. செத்துச் செத்துத் திரும்பி வருவதுதான் அதன் கதையே. அதில் ஆட்டத்தை எளிதாக்கும் காட் மோடைப் போட்டால் நம் மேல் விழும் அடியின் வலு 20% குறையும், ஒவ்வொரு சாவுக்கும் இன்னொரு 2% கூடி 80% வரை போகும். சாவது நிற்காது, எங்கேயும் முட்டி நிற்கவும் வேண்டாம்.

பட்டனை மாற்றி அமைப்பது, வசன எழுத்தைப் பெரிதாக்குவது போன்றவற்றில் விவாதத்துக்கே இடமில்லை, எல்லா கேமிலும் இருக்க வேண்டும்.

சரி, தம்பிக்கு செலஸ்ட் வாங்கிக் கொடுங்கள். அசிஸ்ட் மோடில் வேகத்தை மட்டும் 80%-இல் வைத்து ஆரம்பிக்கட்டும், நடுவில் பாஸ் செய்து கூட்டலாம் குறைக்கலாம். சாகாமல் போகும் வசதியை நீங்களாகப் போட்டுக் கொடுக்க வேண்டாம், அது தேவையா என்று அவரே சொல்லட்டும்.