ஹென்சார்டை வைத்துக்கொண்டு என்ன வேலை கிடைக்கும்?

அக்கா, சனிக்கிழமை வெள்ளவத்தைக்கு வந்தபோது மகளின் ஆங்கில இலக்கியக் கொப்பியை மேசையில் வைத்து, "இதைப் படிச்சு இவளுக்கு என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டீர்கள். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அரைகுறையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். இரவு வீட்டில் ஆறுதலாக வாசித்தேன்.

பதினொரு பக்கம். தோமஸ் ஹார்டியின் 1886ஆம் ஆண்டு நாவலான 'த மேயர் ஒப் கஸ்டர்பிரிட்ஜ்'இல் வரும் மைக்கல் ஹென்சார்ட் துன்பியல் நாயகனா என்பதுதான் கேள்வி. ஆள் லேசுப்பட்டவன் இல்லை. வைக்கோல் கட்டும் கூலிக்காரன், சந்தையில் ரம் கலந்த கஞ்சியைக் குடித்துவிட்டு வெறியில் மனைவியையும் கைக்குழந்தையையும் ஐந்து கினிக்கு, அதாவது அந்தக் கால ஆங்கிலேயப் பொற்காசுக்கு, விற்கிறான். விடிந்ததும் வெட்கப்பட்டு, தன் வயது எத்தனையோ அத்தனை வருடம், அதாவது 21 வருடம், குடிப்பதில்லை என்று சத்தியம் செய்கிறான், பிறகு தானிய வியாபாரியாகி ஊருக்கே மேயராகிறான், கடைசியில் எல்லாம் போய் ஒரு குடிசையில் சாகிறான்.

முதல் பக்கத்திலேயே மகள் "குறை இருக்கிறது, வீழ்ச்சி இருக்கிறது, ஆகவே துன்பியல் நாயகன்" என்று முடித்துவிட்டாள். இது ரியூசன் நோட்ஸ் பழக்கம். அந்தக் கணக்கில் காலி வீதியில் போகிறவர்களில் பாதிப் பேரைச் சேர்த்துவிடலாம். அரிஸ்டோட்டில் 'கவிதையியல்'இல் கேட்பது இன்னும் இறுக்கமானது: முழு நல்லவனும் கூடாது, அயோக்கியனும் கூடாது, ஒரு தவறால் விழ வேண்டும். அந்தத் தவறுக்கு அவர் வைத்த 'ஹமார்ட்டியா' என்ற பெயர், அம்பு குறி தவறுவதைச் சொல்லும் வினையிலிருந்து வந்தது. அப்படியென்றால் பெண்டாட்டியை விற்றது குறி தவறியதா, அயோக்கியத்தனமா? அங்கே அவள் நின்று யோசித்திருக்க வேண்டும்.

ஆனால் ஏழாம் பக்கத்தில் பிள்ளை விழித்துக்கொள்கிறாள். பல வருடம் கழித்து மனைவியோடு திரும்பி வந்த எலிசபெத் ஜேனிடம் "நான்தான் உன் அப்பா" என்று சொல்லி, தன் பெயரை வைத்துக்கொள்ளவும் சம்மதிக்க வைத்த அதே இரவில், எலிசபெத்தின் கல்யாண நாள் வரை திறக்கக் கூடாது என்று செத்துப்போன மனைவி எழுதி வைத்த கடிதத்தை ஹென்சார்ட் திறக்கிறான். எலிசபெத் அவன் பிள்ளையே இல்லை என்று அதில் இருக்கிறது. அவன் பிள்ளை எப்போதோ செத்துவிட்டது. அந்த இடத்தில் உங்கள் மகள் ஓரமாகப் பென்சிலால் "யானோ அரசன் யானே கள்வன்" என்று எழுதியிருக்கிறாள், எனக்குக் கொப்பியை மூடவே மனம் வரவில்லை. பாண்டியன் உண்மை தெரிந்த கணமே அதைச் சொல்லிவிட்டு விழுகிறான். ஹென்சார்டோ மறைக்கிறான், பிறகு அவளுடைய சொந்தத் தகப்பன் தேடி வரும்போது அவள் செத்துவிட்டாள் என்று பொய்யும் சொல்கிறான். எலிசபெத்தின் கல்யாணப் பரிசாக அவன் கொண்டுவந்த குருவி கூட்டுக்குள்ளேயே பட்டினியில் செத்துப்போகிறது. தன்னை ஒருவரும் நினைக்கக் கூடாது என்று உயில் எழுதும்போதுதான் அவனுக்கு முழு உணர்வும் வருகிறது. அந்தப் பிந்திய உணர்வுக்காக நான் அவனைத் துன்பியல் நாயகன் என்பேன். மகள் மாற்றிச் சொன்னாலும் சரி, காரணம் காட்டட்டும்.

சரி, வேலை. ஒரு வரைவிலக்கணத்தை எடுத்து, ஓர் ஆளின் செயல் அதற்குள் வருகிறதா என்று பக்கம் காட்டி வாதிடுவதைத்தானே புதுக்கடை நீதிமன்றங்களில் சட்டத்தரணிகள் நாள் முழுக்கச் செய்கிறார்கள்? சட்டக் கல்லூரிக்குத் தனி நுழைவுப் பரீட்சை இருக்கிறது, பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கக் கலைப்பிரிவு தடையில்லை, ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி உயர வேண்டும், மற்ற இரண்டு பாடங்களையும் விட்டுவிட்டு ஹென்சார்டோடேயே இருந்தால் அது நடக்காது, அதை நானே அவளிடம் நேரே சொல்கிறேன். சட்டம் பிடிக்காவிட்டால் மொழிபெயர்ப்பு, பத்திரிகை, ஆசிரியத் தொழில் இருக்கின்றன. சிங்களத்தை மட்டும் கைவிட வேண்டாம்.

கொமேர்ஸுக்கு மாற்றித் தரச் சொல்லும் கடிதத்தை இந்த வாரம் பாடசாலையில் கொடுக்காதீர்கள். கொப்பி என்னிடமே இருக்கிறது. அடுத்த சனி அவளைத் தனியே அனுப்புங்கள், முதல் பக்கத்தை மட்டும் புதிதாக எழுதிக்கொண்டு வரட்டும்.