பழைய பேட்டரியோடு புதுசைச் சேர்க்கலாமா?

கரண்ட் கம்பி வராத தோட்டங்களில் சோலார் போட்டவர்கள் மூன்றாவது, நான்காவது வருடத்தில் போன் செய்தால் விஷயம் பெரும்பாலும் ஒன்றுதான்: பேக்கப் போதவில்லை, இன்னும் ரெண்டு பேட்டரி போடட்டுமா? இந்த முறை வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தருகிறேன்.

தாளவாடியிலிருந்து: அண்ணா, தோட்டத்து வீட்டில் 24 வோல்ட் சிஸ்டம். 150 ஏஎச் (ஆம்பியர்-அவர், அதாவது கொள்ளளவு) டியூபுலர் ஆசிட் பேட்டரி இரண்டு, மூன்றரை வயது. 330 வாட் பேனல் இரண்டு. ராத்திரி பத்து மணிக்கே இன்வெர்ட்டர் கத்துகிறது. அதே மாடலில் இன்னும் இரண்டு சேர்த்தால் விடியும்வரை தாங்குமா?

தாங்காது தம்பி. முதல் மாதம் தாங்குவது போலத் தெரியும், அவ்வளவுதான்.

டியூபுலர் பேட்டரிக்கு அதன் ஏஎச்சில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியராவது சார்ஜ் ஏற வேண்டும். உங்கள் இரண்டு 12 வோல்ட் பேட்டரியும் சீரியஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து இருப்பதால் வோல்ட்தான் 24 ஆகும், ஏஎச் 150-தான். அதற்கு 15 ஆம்ப். உங்கள் 660 வாட் பேனல் நல்ல வெயிலில் நிஜமாகத் தருவது 500 வாட் பக்கம், அதாவது 18 ஆம்ப் போல. இப்போதைக்குச் சரி. நாலு பேட்டரி, இரண்டு ஜோடியாக ஆனதும் 300 ஏஎச். 30 ஆம்ப் வேண்டும். எங்கிருந்து வரும்? பகலில் ஓடும் ஃபேனும் அதில்தான் பங்கு கேட்கும். பேட்டரி ஒரு நாளும் நிறையாது. நிறையாமலே கிடந்தால் தகட்டில் சல்பேட் உறைந்துவிடும், புதுசும் இரண்டே வருடத்தில் கிழடாகிவிடும். தொட்டி சிறிசு என்று நினைக்கிறீர்கள், ஊற்றே சிறிசு.

முதலில், இப்போது இருக்கும் பேட்டரியில் எவ்வளவு உயிர் இருக்கிறது என்று பாருங்கள். சாயங்காலம் நன்றாக நிறைந்த பிறகு பேனல் பிரேக்கரை இறக்கிவிட்டு, 200 வாட் லோடு மட்டும் போடுங்கள். இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து பத்து ஆம்ப் போகும். நல்ல 150 ஏஎச் ஜோடி பன்னிரண்டு மணி நேரமாவது இழுக்க வேண்டும். ஆறு மணி நேரத்தில் கத்தினால் பாதி போய்விட்டது என்று அர்த்தம். அப்போது சேர்ப்பது பற்றிய பேச்சே இல்லை, இரண்டையும் மாற்ற வேண்டியதுதான்.

அரியலூரிலிருந்து: சீரியஸில் இருக்கும் இரண்டில் ஒன்று மட்டும் போய்விட்டது. கடைக்காரர் அதை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். இன்னொன்றுக்கு நாலு வயது. சரியா சார்?

இதே தப்பை என் பம்ப் ஷெட்டில் நானே செய்திருக்கிறேன். பழசு ஒன்று, புதுசு ஒன்று. ஒரு மத்தியானம் சந்தேகம் வந்து மல்டிமீட்டரை வைத்தேன். சார்ஜர் காட்டியது 28.8 வோல்ட், அது சரிதான். தனித்தனியாகப் பார்த்தால் பழசில் 15.4, புதுசில் 13.4! சீரியஸில் இரண்டுக்கும் ஒரே கரண்ட்தான் போகும். பழசின் கொள்ளளவு குறைந்துவிட்டதால் அது சீக்கிரம் நிறைந்து கொதிக்கிறது. சார்ஜருக்குத் தெரிவது கூட்டுத்தொகை மட்டும்; வேலை முடிந்தது என்று அது கரண்டைக் குறைத்துவிடுகிறது. புதுசு அரைவயிறோடு நிற்கிறது.

ராத்திரியில் இதற்கு நேர் எதிர். பழசு 10.4-க்கு இறங்கிவிட்டது, புதுசு 12.2-ல் இருக்கிறது. கூட்டினால் 22.6. இன்வெர்ட்டர் கட் ஆவது 21-ல். அதுவரை பழசை அது சக்கையாகப் பிழிந்துகொண்டே இருக்கும். பழசுக்கு மாதாமாதம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினேன், புதுசு ஒரு சொட்டுகூடக் கேட்கவில்லை. அதை நல்ல குணம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். எட்டாவது மாதம் பார்த்தால், நாள் முழுக்க சார்ஜ் ஏற்றியும் புதுசின் கிராவிட்டி (ஆசிட்டின் அடர்த்தி) 1190-ஐத் தாண்டவில்லை; நிறைந்திருந்தால் 1240 பக்கம் இருந்திருக்கும்.

உங்கள் ஜோடி வாங்கி ஆறேழு மாதம்தான் என்றால், அதே கம்பெனி, அதே மாடலில் ஒன்றை மட்டும் மாற்றலாம். நாலு வயது என்றால் ஜோடியாக மாற்றுங்கள்.

கொல்லிமலையிலிருந்து: அப்படியானால் பேரலலாக (பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ் சேர்த்து) போட்டால் பிரச்சினை இல்லையா ஐயா?

சீரியஸ் அளவுக்கு மோசமில்லை. வோல்டேஜ் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருப்பதால் ஒன்று மட்டும் கொதிக்காது. பழசுக்கு உள் ரெசிஸ்டன்ஸ் அதிகம், அதனால் பெரும்பாலான சுமையைப் புதுசே இழுக்கும். மூத்த மாடு நுகத்தில் சும்மா நடந்து வருவது மாதிரி. அப்புறம் பழசில் சும்மா இருந்தாலே சார்ஜ் கசியும். ராத்திரியில் புதுசு அதற்கு ஊட்டிக்கொண்டிருக்கும்.

நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. பழசில் ஒரு செல் (பேட்டரிக்குள் இருக்கும் ஆறு அறைகளில் ஒன்று) ஷார்ட் ஆனால், புதுசு தன்னிடம் இருப்பதையெல்லாம் அதற்குள் கொட்டும். ஆள் இல்லாத நேரத்தில் பேட்டரி சூடேறி, வாயு கிளம்பும். பேரலல் போட்டே தீர வேண்டும் என்றால் ஒவ்வொரு வரிசைக்கும் தனி ஃபியூஸ் போடுங்கள், வயர் எல்லாம் ஒரே நீளம் இருக்கட்டும். இன்வெர்ட்டருக்குப் போகும் பாசிட்டிவை முதல் வரிசையிலிருந்தும் நெகட்டிவைக் கடைசி வரிசையிலிருந்தும் எடுங்கள். ஒரே முனையிலிருந்து இரண்டையும் எடுத்தால் பக்கத்தில் இருப்பது மட்டும் மாடாய் உழைக்கும்.

ஏற்காட்டிலிருந்து ஒரு அக்கா: கிராவிட்டி பார்க்கும் ஹைட்ரோமீட்டர் வாங்கினேன். எதைப் பார்க்க வேண்டும்?

ஆறு செல்லையும் தனித்தனியாகப் பாருங்கள் அக்கா. நிறைந்த டியூபுலரில் 1240 பக்கம் இருக்கும். எல்லாமே 1200 என்றால் சார்ஜ் போதவில்லை. ஐந்தில் 1240, ஒன்றில் மட்டும் 1150 என்றால் அந்த செல் கெட்டுவிட்டது. தண்ணீர் ஊற்றிய உடனே பார்க்காதீர்கள்; ஒரு நாள் சார்ஜ் ஏறிக் கலந்த பிறகு பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே இருப்பது ஆசிட்.

தேனியிலிருந்து: டியூபுலரோடு ஒரு லித்தியம் பேட்டரியைப் பேரலல் போடலாமா அண்ணே?

போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் போட மாட்டேன். 12 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் சும்மா இருக்கும்போதே 13.2 காட்டும், நிறைந்த டியூபுலர் 12.7. அதனால் லித்தியம் கிட்டத்தட்ட காலியாகும்வரை டியூபுலர் சும்மா இருக்கும். டியூபுலருக்கு, செல்களைச் சமப்படுத்தும் ஈக்வலைஸ் சார்ஜ் என்று 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றினால் லித்தியத்தின் பிஎம்எஸ் (அதைக் காக்கும் சர்க்யூட்) கதவைச் சாத்திவிடும். ஒருவருக்குப் பத்தியம், மற்றவருக்கு விருந்து, சமைப்பதோ ஒரே அடுப்பில்.

தாளவாடித் தம்பி மறுபடியும்: அப்போ இந்தப் பழசை என்ன செய்வது அண்ணா?

பேனல் இரண்டு கூட்டுங்கள், சார்ஜ் கன்ட்ரோலர் (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) தாங்குமா என்று முதலில் பார்த்துவிட்டு. புது ஜோடி வீட்டுக்கு. பழைய ஜோடி பாதி உயிரோடு இருந்தால் தனியாக ஒரு சின்ன சார்ஜ் கன்ட்ரோலர், ஒரு பேனல் கொடுத்து மாட்டுக்கொட்டகை விளக்குக்கு விடுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வயர்கூடப் போகக் கூடாது. அதுவும் ஓய்ந்த பிறகு ஆசிட்டோடு அப்படியே கடையில் கொடுங்கள். காரீயத்துக்கு எடை போட்டு எடுத்துக்கொள்வார்கள், புதுசின் விலையில் கழித்துக்கொள்ளலாம்.