தார் பாலைக்குள் ஒரு நாள்: ஜெய்சல்மேர், தனோட், லோங்கேவாலா – கேள்வி பதில்

ராஜஸ்தானின் ஜோத்பூரில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஊரிலிருந்து வந்த உறவினர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு ஜெய்சல்மேர் வழியாகப் பாகிஸ்தான் எல்லைப் பக்கம், தனோட் கோயிலுக்கும் லோங்கேவாலா போர்க்களத்துக்கும் எத்தனையோ முறை போய்வந்திருக்கிறேன். குடும்பத்தோடு புறப்படுகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கோவை வாசகி: அண்ணா, ஜெய்சல்மேரில் எங்களுக்கு இரண்டே நாள். கோட்டையையும் சம் மணற்குன்றுகளையும் பார்த்தால் போதாதா? தனோட் வரை ஏன் சுற்ற வேண்டும்?

சம் குன்றுகளில் மாலை நேரத்தில் மணலைவிட ஆட்கள்தான் அதிகம் தெரிவார்கள், சகோதரி. ஒட்டகம், ஜீப், ஒலிபெருக்கி என்று ஒரே சந்தடி. பாலையின் அமைதியைப் பிள்ளைகள் உணர வேண்டுமானால் தனோட் போகும் வழியில் உள்ள ராம்கட் ஊரைத் தாண்டிப் போங்கள். எருக்கஞ்செடிகளுக்கு நடுவே சாலை மேடேறி இறங்கும். ஒவ்வொரு மேட்டிலும் அடுத்த பத்து நிமிடப் பயணம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தால் மணல் தார்ச் சாலையில் உரசிப் போகும் ஓசைகூடக் கேட்கும். என் அத்தை அந்த இடத்தில் கால்மணி நேரம் ஒன்றுமே பேசாமல் நின்றார்.

ஜெய்சல்மேர், ராம்கட், தனோட், லோங்கேவாலா, மீண்டும் ராம்கட், ஜெய்சல்மேர் என்ற சுற்று ஏறக்குறைய 270 கிலோமீட்டர். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் பிற்பகல் இரண்டு மணிக்குள் திரும்பிவிடலாம். கோட்டையை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். 1156-இல் எழுப்பியது, இன்றும் உள்ளே மக்கள் குடியிருக்கிறார்கள். அதற்கும் அரைநாள் தாராளமாகத் தேவை.

மதுரை வாசகர்: பெட்ரோல், செல்போன் சிக்னல்?

ஜெய்சல்மேரிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். ராம்கட்டிற்கு அப்பால் சிக்னல் வரும், போகும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், மாற்றுச் சக்கரத்தில் காற்று. இந்த மூன்றையும் சரிபார்க்காமல் நான் காரை எடுத்ததே இல்லை.

திருச்சி வாசகர்: ஐயா, வரைபடத்தில் குறுக்குவழியாக மெல்லிய கோடுகள் தெரிகின்றன. அவற்றில் போகலாமா?

போகாதீர்கள். அந்தக் கோடு சில இடங்களில் ஒட்டகத் தடம், சில இடங்களில் படையினரின் பாதை. ஒருமுறை தார்ச் சாலையிலிருந்து வெறும் மூன்று மீட்டர் தள்ளி, படம் எடுப்பதற்காகக் காரை இறக்கினேன். முன்சக்கரம் பாதி புதைந்துவிட்டது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் தனக்கே குழி தோண்டிக்கொண்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்து, முதலில் எஞ்சினை அணைக்கச் சொன்னார். சக்கரத்துக்கு முன்னால் இருந்த மணலைக் கையாலேயே வாரினோம்; டயர் காற்றைப் பாதியளவு இறக்கினோம்; காரின் கால்மிதிகளைச் சக்கரத்தடியில் செருகினோம். முதல் கியரில் மெல்ல நகர்த்தியதும் வெளியே வந்தது. அன்றுமுதல் ஒரு சிறு காற்றடிக்கும் பம்பும் கைமண்வெட்டியும் காரிலேயே இருக்கின்றன.

சாலைமேல் மணல் நாக்கு நீட்டியிருந்தால் தூரத்திலேயே வேகத்தைக் குறையுங்கள். அதன்மேல் ஏறியபின் பிரேக் போடக் கூடாது. பொழுது சாய்ந்தால் ஒட்டகமும் மாடும் சாலைக்கு வந்துவிடும். இருட்டில் இந்தப் பாதையே வேண்டாம்.

சேலம் வாசகி: பிள்ளைகளுக்கு ஒன்பது வயதும் பன்னிரண்டு வயதும். லோங்கேவாலாவில் அவர்களுக்கு என்ன சொல்வது?

1971 இந்திய-பாகிஸ்தான் போரில், டிசம்பர் 4 இரவு, அங்கே காவலில் இருந்த இந்திய வீரர்கள் 120 பேர் அளவில்தான். மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரி தலைமை. எதிரே பாகிஸ்தானின் டாங்கிப் படை. ஜெய்சல்மேரில் இருந்த நம் ஹன்டர் போர் விமானங்களால் இரவில் தாக்க இயலாது. ஆகவே விடியும்வரை தாக்குப்பிடிக்க வேண்டியிருந்தது. விடிந்ததும் திறந்த மணலில் டாங்கிகளுக்கு ஒளிய இடமில்லை. இதைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளை நாற்புறமும் பார்க்கச் சொல்லுங்கள். நிலமே மீதியை விளக்கும். கைப்பற்றிய டாங்கி அங்கே நிற்கிறது. தனோட் மாதா கோயிலில் 1965 போரில் வெடிக்காமல் போன குண்டுகளை வைத்திருக்கிறார்கள். கோயிலைப் பராமரிப்பது எல்லைப் பாதுகாப்புப் படை. தனோட்டைத் தாண்டி எல்லைவரை போக முன்அனுமதி வேண்டும்.

யாழ்ப்பாண வாசகர்: எங்களிடம் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு. போக முடியுமா?

எல்லையோரப் பகுதிகளில் வெளிநாட்டவருக்குக் கட்டுப்பாடு உண்டு. மாவட்ட நிர்வாகத்திடம் அனுமதி பெறாமல் ராம்கட் சாலையில் இறங்காதீர்கள். கைவிடப்பட்ட ஊரான குல்தராவும் சம் குன்றுகளும் நகரத்துக்கு அருகிலேயே இருக்கின்றன. பயணத்தை அவற்றைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர் வாசகர்: குல்தராவைப் பேய் ஊர் என்கிறார்களே, குழந்தைகளை அழைத்துப்போகலாமா?

தாராளமாக அழைத்துப்போங்கள், ஆனால் பேய்க்கதைக்காகப் போகாதீர்கள். பாலிவால் பிராமணர்கள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிட்ட ஊர் அது. திவான் சாலிம் சிங்கின் கொடுமை தாளாமல் ஒரே இரவில் வெளியேறினார்கள் என்பது வழங்கிவரும் கதை. தஞ்சாவூர்க்காரர் என்பதால் உங்களுக்கு வேறொன்றைச் சொல்ல ஆசை: அந்த மக்களின் நீர் அறிவு.

ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத மண்ணில் கோதுமை விளைவித்தவர்கள் அவர்கள். சுற்றியுள்ள பாறை நிலத்தில் பெய்யும் மழை, சரிவில் ஓடித் தாழ்வான இடத்துக்கு வரும். அங்கே குறுக்கே மண்கரை போட்டுத் தேக்கினார்கள். இதற்குக் கடீன் என்று பெயர். நாம் ஏரியில் தேக்கி வெளியே இருக்கும் வயலுக்குப் பாய்ச்சுகிறோம். அவர்கள் நீர் மண்ணுக்குள் இறங்கியதும் ஏரிக்குள்ளேயே கோதுமையும் கடலையும் விதைத்தார்கள். அறுவடைவரை மேற்கொண்டு ஒரு சொட்டுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதில்லை. ஜெய்சல்மேர் வட்டாரத்தில் இன்றும் கடீன்களில் பயிர் செய்கிறார்கள். ஜனவரியில் ஒரு கடீன் கரைமேல் நின்று பாருங்கள்: ஒருபுறம் வறண்ட பாறை, மறுபுறம் முழங்காலுயரப் பசுமை.

விழுப்புரம் வாசகி: வழியெங்கும் வயல் நடுவே ஒரு முள்மரம் நிற்கிறதாமே, சீமைக் கருவேலமா?

சீமைக் கருவேலமும் அங்கே பரவிக் கிடக்கிறது. ஆனால் வயல் நடுவே உழவர்கள் வெட்டாமல் விட்டிருப்பது கேஜ்ரி. நம் வன்னி மரமேதான், விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்பது! இதை முதன்முதலில் தெரிந்துகொண்ட நாளில் எனக்குக் கண் கலங்கியது. ஆழ வேரோடி வறட்சியைத் தாங்கும். தழை ஆட்டுக்கு, காய் மனிதருக்கு. ஜோத்பூர் அருகே கேஜர்லியில் 1730-இல் அரசரின் ஆட்கள் இந்த மரங்களை வெட்ட வந்தபோது, அம்ரிதா தேவி முதலாக பிஷ்னோய் சமூகத்தைச் சேர்ந்த 363 பேர் மரத்தைக் கட்டிப்பிடித்து உயிர்விட்டார்கள். ஜோத்பூர் வழியாகப் போனால் அங்கே இறங்கி வணங்கிவிட்டுப் போங்கள்.

ஈரோடு வாசகர்: கானமயிலைப் பார்க்க வாய்ப்பு உண்டா?

உண்டு, உறுதி இல்லை. ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் இருந்த பெரிய தரைப்பறவை. இப்போது தார் பாலைதான் அதன் கடைசிப் புகலிடம். நேர் முன்னே பார்க்கும் பார்வை அதற்குக் குறைவு, உடல் கனம். மின்கம்பியைக் கண்டும் விலக முடியாமல் மோதி இறக்கிறது. பாலைத் தேசியப் பூங்காவுக்குள் விடியலில் போய், காருக்குள் அமைதியாக இருங்கள். யாராவது பறவையைத் துரத்திப் படம் எடுக்கலாம் என்று அழைத்தால் மறுத்துவிடுங்கள்.

சென்னை வாசகி: பள்ளி விடுமுறை மே மாதம்தான். அம்மாவுக்கு 70 வயது.

மே மாதம் வேண்டாம், சகோதரி. 45 டிகிரி தாண்டும் வெயில் அவருக்கு ஆகாது. அரையாண்டு விடுமுறையில் போங்கள். ஆனால் இரவுக் குளிர் எலும்பைத் தொடும், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குக் கம்பு ரொட்டியும் மோரும் ஒத்துக்கொள்ளும். தொட்டுக்கொள்ள சாங்கரி கேளுங்கள். அது அந்த வன்னிக் காயின் வற்றல்தான்.