போன் கடையா, பி.காமா? ஏற்காடு மலையிலிருந்து கேட்கும் அம்மாவுக்கு

பையன் பிளஸ் டூவில் காமர்ஸ் முடித்துவிட்டான், காலேஜ் வேண்டாம் என்கிறான், சேலத்தில் செல்போன் சர்வீஸ் கோர்ஸ் படித்து ஊரிலேயே கடை போடுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், விடலாமா தடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவன் ஆசையில் தப்பே இல்லை அம்மா. ஆனால் மலைக்கிராமத்தில் ரிப்பேர் கடையை மட்டும் நம்பி ஒரு குடும்பம் ஓடாது. பி.காம். சேரட்டும்; ரிப்பேர் வேலையையும் கற்றுக்கொள்ளட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஊரில் இருந்துகொண்டே பிழைக்க முடியும்.

போன் வந்தால் ஏழை ஊர்களில் வருமானம் கூடும் என்பது வெறும் பேச்சில்லை. 1997-லிருந்து 2001-க்குள் வட கேரளக் கடற்கரைக்கு செல்போன் வந்தது. மத்தி மீன் பிடிப்பவர்கள் படகில் இருந்தபடியே எந்தக் கரையில் என்ன விலை என்று விசாரித்து, நல்ல விலை கிடைக்கும் கரைக்குப் படகைத் திருப்பினார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் இதை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டார்: மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவர்களுக்கு விலை 4 சதவீதம் குறைந்தது, விற்காமல் வீணாகும் மீன் கிட்டத்தட்ட இல்லாமலே போனது. அதே 2007-ல் கென்யாவில் எம்-பெசா தொடங்கியது. பெட்டிக்கடைக்காரரே ஏஜென்ட், சாதாரண பட்டன் போனில் பணம் போடலாம், எடுக்கலாம். சுமார் 1,94,000 குடும்பங்கள் கடும் வறுமையிலிருந்து வெளியே வர இது உதவியது என்று தவ்னீத் சூரியும் வில்லியம் ஜாக்கும் 2016-ல் எழுதினார்கள். கேரளத்தில் பலன் கண்டவர்கள் ஏற்கெனவே மீன்பிடித் தொழில் தெரிந்தவர்கள். போன் அந்தத் தொழிலுக்குக் கைகொடுத்தது.

இதை உங்கள் காபித் தோட்டத்துக்கே பொருத்திப் பாருங்கள். அராபிகா காபியின் உலக விலை நியூயார்க் சந்தையில் ஒரு பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்று வரும். நம்மூரில் 50 கிலோ மூட்டைக் கணக்கு. 50 கிலோ என்றால் 110.23 பவுண்டு. 300 சென்ட் என்று திரையில் தெரிந்தால் மூட்டைக்குச் சுமார் 330 டாலர். அன்றைய டாலர் மதிப்பால் பெருக்கினால் ரூபாய். இந்த விலை ஓடு நீக்கிச் சுத்தம் செய்த காபிப் பருப்புக்கு. நீங்கள் பார்ச்மென்டாக (பழத்தின் சதையை நீக்கி, உள் ஓட்டோடு காயவைத்தது) விற்றால் 50 கிலோவில் ஏறத்தாழ 40 கிலோதான் பருப்பு தேறும். காய்ந்த செர்ரியாக, அதாவது முழுப் பழமாகக் காயவைத்து விற்றால் சுமார் பாதி. அதற்கு மேல் ஈரம் என்று சொல்லி வியாபாரி கிலோ கழிப்பார், வண்டி வாடகை போகும். வாசலுக்கு வரும் வியாபாரி சொல்வது நியாயமான விலையா என்று இந்தக் கணக்கைப் போட்டால்தான் தெரியும். காபி வாரியம் வெளியிடும் உள்நாட்டு விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். காமர்ஸ் படித்த பையனுக்கு இது ஐந்து நிமிட வேலை. உங்கள் ஊரில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்?

இனி ரிப்பேர் வேலை. டிஸ்ப்ளே, பேட்டரி, சார்ஜிங் போர்டு மாற்றுவதை ஒரு மாதத்தில் கற்றுவிடலாம். அதை எல்லாக் கடையிலும் செய்கிறார்கள் என்பதால் அதில் லாபம் குறைவு. போனுக்குள் இருக்கும் மெயின் சர்க்யூட் போர்டையே பழுது பார்க்கும் போர்டு வேலை தெரிந்தவனிடம்தான் மற்ற கடைக்காரர்களே போனைக் கொண்டுவருவார்கள். அதற்கு மல்டிமீட்டர், சூடு கட்டுப்படுத்தும் சால்டரிங் ஸ்டேஷன், ஹாட் ஏர் மெஷின், டி.சி. பவர் சப்ளை, மைக்ராஸ்கோப் வேண்டும். ஆன் ஆகாத போன் வந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பவர் சப்ளையில் 4 வோல்ட் வைத்துக் கொடுத்துப் பார்ப்பார்கள். பவர் பட்டனை அழுத்தும் முன்பே ஆம்பியர் ஏறினால் மெயின் லைனில் ஷார்ட். பட்டனை அழுத்தியும் முள் அசையவே இல்லை என்றால் பட்டன் லைனையோ மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் சிப்பான பவர் ஐ.சி. பக்கத்தையோ பார்க்க வேண்டும். இப்படி அளந்து பார்க்காமல் எடுத்த எடுப்பில் ஹாட் ஏர் அடிப்பவர்கள்தான் பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக் கனெக்டரை உருக்கி, ஒரு பழுதை மூன்றாக்குகிறார்கள். உப்பிய பேட்டரியை ஸ்க்ரூடிரைவரால் நெம்புவது இன்னொரு ஆபத்து, குத்துப்பட்டால் தீப்பிடிக்கும்.

ஆகவே கோர்ஸ் நடத்துகிறவர்களிடம் பணம் கட்டும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒரு பெஞ்சுக்கு எத்தனை பேர்? கையில் பழகுவதற்குப் பழைய போர்டு தருவார்களா, தினமும் எத்தனை மணி நேரம்? போன பேட்ச் பையன்கள் எந்தக் கடையில் வேலை செய்கிறார்கள், போய்ப் பார்க்கலாமா? "நூறு சதவீதம் வேலை உறுதி" என்று போர்டில் எழுதிவிட்டு மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். சேலத்தில் இந்தியன் வங்கியின் சுயதொழில் பயிற்சி மையம் இருக்கிறது. இத்தகைய மையங்களில் 30 நாள் செல்போன் பழுதுபார்ப்புப் பயிற்சி உண்டு. சாப்பாடு, தங்குமிடம் உட்பட எல்லாம் இலவசம். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். எந்த மாதம் எந்தப் பயிற்சி என்பது மாறும், நேரில் விசாரியுங்கள். முதலாண்டு விடுமுறையில் அதை முடித்துவிட்டு, ஒரு நல்ல கடையில் ஆறு மாதம் மாலை நேரத்தில் உதவியாளாக இருந்தால் கை பழகிவிடும். பழைய போன் வாங்கி விற்பதானால் *#06# அழுத்தி, போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணை எடுத்து, கே.ஒய்.எம். என்று ஆங்கிலத்தில் டைப் செய்து இடம் விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிச் சரிபார்க்காமல் ஒரு போனையும் தொடக் கூடாது. ஐ.எம்.இ.ஐ. எண்ணை மாற்றிக் கொடுக்கச் சொல்லி யார் வந்தாலும் மறுத்துவிட வேண்டும். அது சிறைக்குப் போகும் குற்றம்.

வங்கி மித்ரா, அதாவது வங்கியின் சார்பில் ஊரிலேயே பணம் கொடுத்து வாங்கும் ஏஜென்ட் வேலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பத்தாம் வகுப்பு போதும், வங்கித் துறைப் பயிற்சி நிறுவனமான ஐ.ஐ.பி.எஃப். நடத்தும் தேர்வில் தேற வேண்டும், போலீஸ் சரிபார்ப்பு உண்டு. ஆதார் கைரேகை வைத்துப் பணம் எடுத்துக் கொடுப்பதுதான் முக்கிய வேலை. மலையில் இதற்குத் தேவை அதிகம். ஆனால் பலர் தொடங்கிய கொஞ்ச நாளில் மூடிவிடுவதற்குக் காரணம் ரொக்கம். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் மாதம் 15-ஆம் தேதியை ஒட்டி வரும். ஊரில் 60 பெண்கள் எடுக்க வந்தால் 60,000 ரூபாய் கையில் இருக்க வேண்டும். 40,000 வைத்திருந்தால் நாற்பது பேரோடு பெட்டி காலி. மீதி இருபது பேர் அடுத்த மாதம் உங்களிடம் வர மாட்டார்கள். கொடுத்த பணம் ஏஜென்டின் கணக்கில் வந்து சேரும். அதை ரொக்கமாக எடுக்க மறுபடியும் ஏற்காடு டவுனுக்குப் போக வேண்டும். ஆயிரத்துக்கு மூன்று ரூபாய் கமிஷன் என்று வைத்தாலும் அன்றைக்குக் கிடைப்பது 180 ரூபாய். இது தனியாகச் சோறு போடாது. ஆனால் பணம் எடுக்க வருகிற அறுபது பேரும் ரீசார்ஜுக்கும் ரிப்பேருக்கும் அதே கடைக்குத்தான் வருவார்கள். கூகுள் பே, போன்பே கியூ.ஆர். அட்டை ஒட்டிக் கொடுத்து நிரந்தர வருமானம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2020 ஜனவரி முதல், வங்கிக் கணக்கிலிருந்து யு.பி.ஐ.யில் வரும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணமே பிடிப்பதில்லை, பங்கு எங்கிருந்து வரும்?

இன்னொரு சிக்கல் கைரேகை. காபி பறிக்கும், மிளகு உதிர்க்கும் கைகளில் ரேகை தேய்ந்திருக்கும். கையைக் கழுவித் துடைத்து வேறு விரலை வைக்கச் சொல்லலாம். ஆதாருக்கு அனுமதிக்கப்பட்ட எல்1 வகை கைரேகை ஸ்கேனர்தான் வாங்க வேண்டும். கணக்கில் கழிந்து, பணம் வராமல் போனால் ரசீதைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள். ஐந்து நாளுக்குள் வங்கி தானாகத் திருப்பிப் போட வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் 2019-ஆம் ஆண்டு விதி. இதைச் சொல்லத் தெரிந்த ஏஜென்டை ஊர் நம்பும்.

கடைக்கு இடம் பிடிக்கும் முன் அங்கே நின்று போன் செட்டிங்கில் சிம் ஸ்டேட்டஸ் பாருங்கள். 4ஜி சிக்னல் மைனஸ் 90 டி.பி.எம். (dBm) என்பதை ஒட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 115-ஐத் தாண்டிவிட்டால் பணப் பரிமாற்றம் பாதியில் தொங்கும். வேறு வேறு கம்பெனியின் இரண்டு சிம், ஒரு சின்ன இன்வெர்ட்டர் இரண்டும் கட்டாயம்.

பி.காம். எதற்கு என்றால், மேலே சொன்ன எல்லாமே கணக்கு. அதோடு விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இருக்கின்றன. 2020-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் சமவெளியில் 300 பேர், மலைப்பகுதியில் 100 பேர் சேர்ந்தாலே ஒன்று தொடங்கலாம் என்று விதி வைத்தார்கள். முதல் சில ஆண்டுகளுக்கு மேலாளருக்கும் கணக்காளருக்கும் சம்பளத்துக்கு உதவி உண்டு. காபி விலையும் தெரிந்து, டேலி கணக்கு மென்பொருளும் ஜி.எஸ்.டி.யும் தெரிந்த உள்ளூர்ப் பையன் கிடைப்பது அபூர்வம். ஃபைபர் இணைப்பு, டவர் வேலைகளும் உண்டு, அவை ஐ.டி.ஐ. எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு ஏற்றவை, இவனுக்கு இப்போது அவசியமில்லை.

சேலம் அரசு கலைக் கல்லூரிக்கு டி.என்.கா.சா. (TNGASA) என்ற அரசு கலைக் கல்லூரிச் சேர்க்கை இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். 20 கொண்டை ஊசி வளைவையும் தினமும் ஏறி இறங்கினால் படிப்பு ஓடாது; விடுதிக்கும் சேர்த்தே கேளுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அவன் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு தேவை. எஸ்.டி. சான்றிதழ் இருந்தால் கல்வி உதவித்தொகைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

அவன் பெயரில் இருக்கும் அந்த வங்கிக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை, பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். "உன் ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தருகிறோம்" என்று டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் மாணவர்களைத் தேடி வருகிறார்கள். அந்தக் கணக்கில் வருவது ஏமாற்றப்பட்டவர்களின் பணம்; போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டு வாசலில். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே வங்கிக்குப் போய்க் கணக்கை முடக்கச் சொல்லி, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.